ஸ்போர்ட்டி காரில் கடகட சத்தம்: டேஷ்போர்டைக் கழற்றலாமா?

வாசகர் கேள்வி:

“மதுரை திருநகரில் இருக்கிறேன், விருதுநகரில் வேலை. வேலைக்குச் சேர்ந்த சில வருடத்தில், 2022-ல், ஆசைப்பட்டு ஒரு டர்போ ஹேட்ச்பேக் வாங்கினேன். 16 இன்ச் அலாய் வீல், இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள ஸ்போர்ட்டி மாடல். 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காருக்குள் வரும் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. காலையில் கிளம்பும்போது டேஷ்போர்டில் ‘கிட் கிட்’ என்று கேட்கும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும். சின்னச் சின்னப் பள்ளத்தில் பின்பக்கம் ‘டொக் டொக்’. வீட்டு ராம்ப்பில் ஏற்றும்போது கதவுப் பக்கம் ‘கிறீச்’. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கழற்றி மாட்டினார்கள். அதற்குப் பிறகு முன்கண்ணாடி ஓரத்து இடது தூணருகே முன்பு இல்லாத புதுச் சத்தம் ஒன்று. இப்போது ஒரு கடையில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கி, ஸ்பாஞ்ச் ஒட்டித் தர 18,000 ரூபாய் கேட்கிறார்கள். பாட்டைச் சத்தமாக வைத்துத்தான் ஓட்டுகிறேன். வீட்டில் வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?”

பதில்:

தம்பி, முதலில் அந்த 18,000 ரூபாய் வேலைக்குச் சரி என்று சொல்லாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால்கூடப் பேசி நிறுத்தி வையுங்கள். வண்டியை விற்கும் பேச்சையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

நீங்கள் ஒரு சத்தம் என்று நினைத்துத் தவிக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான்கு சத்தம் இருக்கிறது. காலை டேஷ்போர்டுச் சத்தம், பின்பக்க டொக் டொக், ராம்ப் கிறீச், தூணருகே வந்த புதுச் சத்தம். நான்குக்கும் இடம் வேறு, காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும்போதுதான் கார் முழுவதும் ஆடுகிற மாதிரித் தோன்றுகிறது, விற்றுவிடலாம் என்ற எண்ணமும் வருகிறது. எங்கள் பட்டறைக்கு இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: காரைப் பிரிக்காதீர்கள், சத்தத்தைப் பிரியுங்கள். எந்தச் சத்தம், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எந்த வெயிலில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் ஒரு சுருள் துணி டேப்பும் பத்துப் பதினைந்து கிளிப்பும் போதும்.

ஸ்போர்ட்டி கார் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015-ல் வந்த அபார்த் புன்டோ, 2021-ல் வந்த ஐ20 என் லைன் எல்லாமே சாதாரண ஹேட்ச்பேக்கின் மேல் கட்டியவை. அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன் இன்ஜினைப் போட்டு, வண்டியைத் தாழ்த்தி, தரை இடைவெளியை 155 மி.மீ. ஆக்கினார்கள். ஆனால் உள்ளே டேஷ்போர்டு, கதவுப் பலகை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப் எல்லாம் பெரும்பாலும் அந்தச் சாதாரண மாடலில் உள்ளவைதான். சாதாரண மாடலில் சாலையின் அதிர்வை ஸ்பிரிங்கும் டயரும் வாங்கிக்கொள்ளும். ஸ்போர்ட்டி மாடலில் ஸ்பிரிங் இறுக்கம், ஷாக் அப்சார்பர் இறுக்கம், டயரின் பக்கச்சுவரும் குட்டை. 185/65 ஆர்15 டயரின் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், வீல் 15 இன்ச்) பக்கச்சுவர் 120 மி.மீ. உயரம். 195/55 ஆர்16-ல் அது 107 மி.மீ. தான். 215/45 ஆர்17 போட்டால் 97 மி.மீ. ஆகிவிடும். அங்கே குறைந்த ரப்பர் வாங்காமல் விட்ட அதிர்வு முழுவதும் பாடிக்கு ஏறி, அதே பழைய கிளிப்புகளில் போய் முட்டுகிறது. வளைவில் வண்டி தரையோடு ஒட்டிப் போகிறது என்று நீங்கள் ரசிக்கிறீர்களே, அந்தச் சுகத்தைத் தரும் இறுக்கமும் இந்தச் சத்தத்தைத் தரும் இறுக்கமும் ஒன்றேதான். அதனால் சத்தம் வந்தாலே வண்டி மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் எல்லாச் சத்தத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அடியிலிருந்து வரும் சத்தத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். நீங்கள் பாட்டைக் கூட்டி வைத்து ஓட்டுவது எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். பிளாஸ்டிக் தட்டினால் எரிச்சல் மட்டும். சக்கரத்தைப் பாடியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ, பிரேக் பேடை அழுத்தும் காலிபரோ தட்டினால் அது உயிர் விஷயம், அதைப் பாட்டு மறைத்துவிடும். அடுத்த ஒரு வாரம் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியை இறக்கியதும் சத்தம் பெரிதாகக் கேட்டால் அது பெரும்பாலும் வெளியே இருந்து வருகிறது. அதுவும் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர் உள்ள தெருவில் மெதுவாகப் போனால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் நன்றாகத் தெரியும்.

வெளிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் உண்டு. மெதுவாகப் போகும்போது சின்னக் குலுக்கலில் முன்பக்கம் வரிசையாகத் தட்டி, வேகம் எடுத்ததும் காணாமல் போனால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட் என்ற சின்னக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேலே ‘டங்’ என்றால் முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். மேடு பள்ளத்தில் தட்டிக்கொண்டே இருந்து, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டால் பிரேக் பேடோ காலிபர் பின்னோ தளர்ந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தும்போதும் விடும்போதும் ஒரு தடவை மட்டும் ‘தொப்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்றபடி ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் வந்தால் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு. டயர் மாற்றியோ பஞ்சர் ஒட்டியோ கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

முன்பக்கமா பின்பக்கமா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நத்தம் சாலை மேம்பாலத்துக்குப் போங்கள். 2023-ல் திறந்த பாலம், தல்லாகுளம் பக்கத்திலிருந்து செட்டிகுளம் வரை 7 கி.மீ.க்கு மேல் நீளம். மற்றபடி சமமான சாலையில் பாலத்தின் இணைப்புகள் மட்டும் தனித்தனியாக வரும். ஓர் இணைப்பை முதலில் முன்சக்கரம் தாண்டும், பிறகு பின்சக்கரம். 40 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் நொடி. சத்தம் முதல் தட்டோடு வருகிறதா, இரண்டாவது தட்டோடு வருகிறதா என்று காதைக் கொடுத்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். குண்டும் குழியுமான தெருவில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே எல்லாம் ஒரே நேரத்தில் தட்டும்.

சரி, இப்போது டயர் காற்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். பஞ்சர் கடையிலும் சில பெட்ரோல் பங்க்கிலும் ‘நாற்பது அடிச்சுட்டேன் சார்’ என்பார்கள். குட்டையான டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடினாலே டயர் கட்டைபோல் ஆகி, சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட டேஷ்போர்டில் பேசும். இன்னொன்று, வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஓட்டி வந்து, சூடான டயரில் அளந்து பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். வீட்டுப் பக்கத்திலேயே, காலையில், ஒன்றிரண்டு கி.மீ.க்குள் ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அடிக்கடி பாருங்கள். இந்த ஒரு வேலைக்கே பல வண்டிகள் பாதி அடங்கிவிடும்.

அதற்கப்புறம் வண்டியைக் காலி செய்யுங்கள். காலி என்றால் முழுக் காலி. கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், கிளவ் பாக்ஸில் ஆர்.சி. கவர், பேனா, டோர்ச், கன்சோலில் சில்லறை, மேலே கண்ணாடிக் கூண்டில் இருக்கும் கூலிங் கிளாஸ், டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், செல்போன் ஸ்டாண்டு, ஏசி வென்ட்டில் மாட்டிய சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டில் வைத்துவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் எடுத்துவிட்டு வீட்டைச் சுற்றி உள்ள தெருவில் ஒரு சுற்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஆள் உட்காராத சீட்டின் பெல்ட் கொக்கி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டும், அதைச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் விடாமல் ஒதுக்கி வையுங்கள். பின் நம்பர் பிளேட்டை விரலால் தட்டிப் பாருங்கள். அதுவே அதிர்ந்தால் பின்னால் இரண்டு ரப்பர் வாஷர் வைத்தால் போதும்.

உங்கள் பின்பக்க டொக் டொக் இந்தக் கட்டத்தில் நின்றுவிட்டால் நல்லது. நிற்கவில்லை என்றால் டிக்கியை மேலே மூடும் தட்டான பார்சல் ட்ரேயைக் கழற்றி வீட்டில் வையுங்கள், பின்சீட்டின் சாய்மானத்தை முன்னால் மடக்கிவிட்டு அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி சீட்டு லாக். சீட்டை மடக்கிய நிலையில் இரண்டு பக்கப் பாடியிலும் பாருங்கள்: பென்சில் கனத்தில் வளைந்த ஒரு இரும்புக் கம்பி இருக்கும். சீட்டின் லாக் அதில்தான் போய்ப் பிடிக்கிறது. அந்தக் கம்பியில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ஒவ்வொரு குலுக்கலுக்கும் லாக் அங்கேதான் தட்டிக்கொண்டிருக்கிறது. காரின் வயரிங்குக்குச் சுற்றும் கறுப்புத் துணி டேப் ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும். அதை அந்தக் கம்பியில் ஒன்று அல்லது இரண்டு சுற்று, சுருக்கம் இல்லாமல் இழுத்துச் சுற்றுங்கள். அதற்கு மேல் சுற்றினால் லாக் விழாது. சீட்டை நிமிர்த்தி, ‘டக்’ என்று முழுதாக விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பது கட்டாயம். பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் பசை இளகி வழிந்துவிடும்.

அதே கையோடு டிக்கிக் கதவையும் பாருங்கள். கதவின் இரண்டு ஓரத்திலும் ரப்பர்க் குமிழ்கள் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது அவைதான் பாடியில் அழுந்தி அதை அசையாமல் வைத்திருக்கின்றன. நாளாக நாளாக ரப்பர் அமுங்கிவிடும், கதவு லாக்கிலேயே ஆடத் தொடங்கும். பல மாடல்களில் குமிழைக் கையால் திருகி வெளியே கொண்டுவரலாம். அரைச் சுற்று திருகி, மூடிப் பாருங்கள். மூடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டால் சரியான இடம். ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது என்றால் அதிகம். பானெட்டின் அடியிலும் இதே குமிழ்கள் உண்டு. முன்கண்ணாடிப் பக்கம் வருகிற சத்தத்தை டேஷ்போர்டு என்று நினைத்துக் கழற்றி, கடைசியில் பானெட் குமிழில் முடிந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சாய்ந்த கண்ணாடி சத்தத்தைத் திருப்பி உங்கள் முகத்துக்கே அனுப்புகிறது. காது அதை டேஷ்போர்டு என்று நம்பிவிடுகிறது.

ட்ரே, சீட்டு, டிக்கி மூன்றும் சரியாக இருந்தும் டொக் டொக் தொடர்ந்தால் அப்போது வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பின் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டையும் பின்சக்கரங்களை இணைக்கும் பீமின் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். 41,000 கி.மீ.யில், நம் ஊர் வேகத்தடைகளில், மேல் மவுண்ட் ரப்பர் தேய்வது ஆச்சரியம் இல்லை. ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ராம்ப் கிறீச் எளிது. நம் பக்கத்து வீடுகளில் சாலையிலிருந்து வாசலுக்கு ராம்ப் செங்குத்தாக இருக்கும், தெரு குறுகலாக இருப்பதால் வண்டியைச் சாய்வாகத்தான் ஏற்ற முடியும். ஒரு சக்கரம் மேலே, மூன்று கீழே. அந்த நொடியில் பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள பீடிங் ரப்பர் உரசும். ரப்பரில் தூசு படிந்து உலர்ந்திருந்தால் ஒட்டி ஒட்டி விடும், அதுதான் கிறீச். ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து பீடிங்கை முழுவதும் துடையுங்கள், அது படுகிற பாடியின் பக்கத்தையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சிலிகான் கிரீஸைத் துணியில் தொட்டு மிக மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது தூசியைப் பிடித்து இரண்டு வாரத்தில் பிசுபிசுக்கும். வாசலின், கிரீஸ், டபிள்யூடி-40 மூன்றும் பெட்ரோலிய வகை. பீடிங் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். கதவு லாக் போய்ப் பிடிக்கிற வளையத்தையும் துடைத்து, அதே சிலிகானை ஒரு பொட்டு வையுங்கள். ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இப்போது நீங்கள் அதிகம் கவலைப்படுகிற டேஷ்போர்டு. காலையில் கேட்கிறது, அரை மணியில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது நல்ல தகவல். பிளாஸ்டிக் சூட்டில் விரிவது எஃகைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும், அதை ஏந்தியிருக்கும் இரும்புச் சட்டம் அரை மி.மீ.கூட நீளாது. வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேல்பக்கம் 70 டிகிரி வரை போகும், இரவில் திரும்பச் சுருங்கும். வருடம் முழுவதும் நாள்தோறும் இந்த இழுபறி. காலையில் சுருங்கியிருக்கும்போது இரண்டு பாகத்துக்கு நடுவே மயிரிழை இடைவெளி, அதில்தான் ‘கிட் கிட்’. சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது, சத்தம் அடங்குகிறது. இது உடைந்த சத்தம் இல்லை, எங்கோ ஓரிடத்தில் ஒரு விளிம்பு தட்டுகிறது. அந்த ஓரிடத்தைக் கண்டுபிடிக்க டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். நண்பர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். காலை ஆறு மணிக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது, பேவர் பிளாக் போட்ட காலனித் தெருவில் 20 கி.மீ. வேகத்தில் போகச் சொல்லுங்கள். பேவர் பிளாக் ஒரே சீராக அதிர்வு கொடுக்கும், அதைவிட நல்ல சோதனைச் சாலை இல்லை. உள்ளங்கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்துங்கள்: மீட்டர் மேல் மூடி, ஸ்க்ரீனின் விளிம்பு, ஏசி வென்ட், கிளவ் பாக்ஸ் கதவு, டேஷ்போர்டின் இரண்டு நுனி மூடிகள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை அந்த இணைப்பின் மேல் ஒட்டிவிடுங்கள். நான்கைந்து இடத்தில் ஒட்டி, சத்தம் முழுவதும் நின்றதும், ஒவ்வொன்றாக உரியுங்கள். எந்த டேப்பை உரித்ததும் சத்தம் திரும்பி வருகிறதோ அதுதான் இடம். அந்த ஒரு மூடியை மட்டும் நெம்பி, விளிம்பில் மெல்லிய துணி டேப் ஒட்டி மாட்டினால் வேலை முடிந்தது. கிளவ் பாக்ஸ் என்றால் இன்னும் எளிது, மூடும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் விழுந்திருக்கும்.

ஸ்பாஞ்ச் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், தட்டுகிற சத்தத்துக்கு இடைவெளியை நிரப்பலாம், உரசுகிற சத்தத்துக்கு ஸ்பாஞ்ச் வைத்தால் உரசல் கூடும். எது எது என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் அடைப்பது வைத்தியம் இல்லை. சாதா ஸ்பாஞ்ச் மதுரை வெயிலில் இரண்டு மூன்று கோடையில் பொடியாகி ஏசி வென்ட் வழியாகப் பறக்கும். அப்புறம், ஸ்டீயரிங்கைக் கழற்றி, ஏர்பேக்கைக் கழற்றி, ஏசி குழாயைக் கழற்றி, நூற்றுக்கணக்கான இணைப்புகளை அவிழ்த்து மாட்டும் வேலை அது. தொழிற்சாலையில் அளந்து பூட்டியதைப் பட்டறையில் அதே மாதிரி பூட்டுவது கஷ்டம்.

அதற்குச் சாட்சி உங்கள் இடது தூணே. அங்கே வந்த புதுச் சத்தம் கழற்றி மாட்டியதால் வந்தது என்றே நினைக்கிறேன். தூண் மூடியைப் பிடிக்கிற கிளிப்புகளில் பல ஒரு தடவைக்கு என்று செய்தவை. கழற்றும்போது அதன் காது வளைந்துவிடும், திரும்ப அதே ஓட்டையில் அழுத்தினால் உட்காரும், ஆனால் இறுக்கம் இருக்காது. பொத்தான் துளை தளர்ந்த சட்டை மாதிரி. சர்வீஸ் சென்டரில் போய் அந்தத் தூண் மூடிக்குப் புதுக் கிளிப்புகள் போடச் சொல்லுங்கள். அதிக விலை இல்லை, ஸ்டாக் இல்லை என்றால் வரவழைத்துத் தருவார்கள். டேஷ்கேம் ஒயரை அந்தத் தூண் வழியாக இழுத்திருக்கிறீர்களா? அப்படி என்றால் அந்த ஒயரே தட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். உங்கள் வண்டியில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அது கூரை ஓரத்தில் மடிந்து, தூண் மூடிக்குப் பின்னால்தான் இறங்குகிறது. அங்கே ஸ்பாஞ்சோ, டேப்போ, ஒயரோ அடைத்து வைத்தால் அது விரிகிற பாதை மறிக்கப்படும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கேயும் அப்படித்தான், கண்ட சீட் கவரையும் போடக் கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கார் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் தெரிந்த மெக்கானிக் அதைத் தொட வேண்டும்.

கதவுகளுக்குள் தகட்டின் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். பாட்டின் பாஸில் கதவுத் தகடு அதிர்கிறது என்றால் அது உதவும். ஆனால் கிளிப் தட்டுகிற சத்தத்தை அது நிறுத்தாது. சாலை இரைச்சல் குறைந்ததும் இதுவரை கேட்காத பொடிச் சத்தங்கள் மேலே வரும். தட்டும் சத்தங்களை முடித்த பிறகு, தேவை இருந்தால் யோசிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் காரில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். பழங்காநத்தம் பக்கம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் போகும்போது எங்கோ ஒன்று தட்டும், மார்கழிக் காலையில் டேஷ்போர்டு ஒரு தடவை முனகும். அவற்றின் பின்னால் போகாதீர்கள். அடியிலிருந்து வராத, நாளுக்கு நாள் கூடாத, நல்ல சாலையில் கேட்காத சத்தத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் ஒரு கிளிப்பின் ஆயுளைக் குறைக்கிறோம்.

அப்படியும் தினசரி சாலை மோசமாக இருந்து மனம் ஒப்பவில்லை என்றால், ஸ்பிரிங்கைத் தொடாமல் ஒரு வழி இருக்கிறது. உங்கள் மாடலின் குறைந்த வேரியன்ட்டில் 15 இன்ச் வீல் வருகிறதா என்று பாருங்கள். 195/55 ஆர்16, 185/65 ஆர்15 இரண்டின் முழு விட்டமும் ஏறக்குறைய 621 மி.மீ. தான், அதனால் ஸ்பீடோமீட்டர் மாறாது. பக்கச்சுவர் 13 மி.மீ. கூடும், அந்த 13 மி.மீ. காருக்குள் நன்றாகவே தெரியும். 15 இன்ச் வீல் உங்கள் பிரேக் காலிபரில் இடிக்காமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்து, லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) குறையாத டயராக வாங்குங்கள். வளைவில் முன்பு இருந்த கூர்மை கொஞ்சம் குறையும். உங்களுக்கு அது பிடிக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் விற்பதைவிட இது மேல்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போகும்போது ஜாப் கார்டில் ‘உள்ளே சத்தம்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். அப்படி எழுதினால் திரும்பவும் டேஷ்போர்டையே கழற்றுவார்கள். ‘இடது முன் தூண், 20 முதல் 40 கி.மீ. வேகம், கரடான சாலை, காலைக் குளிரில் அதிகம், கிளிப் புதிதாக மாற்ற வேண்டும்’ என்று எழுதச் சொல்லி, அதில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சத்தத்தை செல்போனில் பதிவு செய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. சனிக்கிழமை கூட்டத்தில் விடாமல் வாரநாள் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போங்கள். கை வைப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அதே தெருவில் அவரோடே இன்னொரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கட்டுங்கள்.